சொம்புத் தண்ணீரும் பைக் எஞ்சினும்



பொறியியல் படிக்கும் என் பேரனும் நண்பர்களும் 373 சிசி பைக் எஞ்சினைச் சின்ன ஃபார்முலா காரில் பொருத்தினார்கள். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஆட்டோகிராஸ் போட்டி. அதற்கு முன் ஒத்திகையில், நீண்ட வளைவில் எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது.

“ஆயில் சரியாத்தான் இருந்துச்சு தாத்தா” என்று அழுதான்.

பட்டறை மெக்கானிக் விளக்கினார்: வளைவில் பைக் சாயும், ஆயில் அடியிலேயே நிற்கும். கார் சாயாது, ஆயில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்பு காற்றை உறிஞ்சும். அடுத்த எஞ்சினில் ஆயில் ஒதுங்காமல் தடுப்புத் தகடு வைத்தார்கள்.

சொம்பைச் சுழற்றினால் தண்ணீர் சிந்தாது என்று வகுப்பில் எத்தனையோ வருடம் செய்து காட்டியிருக்கிறேன். “சாய்க்காம நேரா பிடிச்சுட்டுச் சுத்தினா, சார்?” என்று ஒருவன் கேட்டான். “உட்காருடா” என்றேன்.

தம்பி, இதைப் படிக்கிறாயா? நீ கேட்டதுதான் சரியான கேள்வி. மன்னித்துவிடு.