அலுவிகாரைத் துணியும் வடபுலத்துப் பூவும்

கண்டி நகரிலிருந்து வடக்கே கட்டுகஸ்தோட்டை நோக்கிச் செல்லும் வீதியில் மஹய்யாவ அமைந்துள்ளது. மாத்தளைப் புகையிரதமும் இவ்விடத்தைக் கடந்தே செல்கின்றது. நகரத் துப்புரவுத் தொழிலுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம் இது. கண்டியின் எழிலைப் புகழ்வோர் ஏரியையும் தலதா மாளிகையையும் பேசுவர். அவ்வெழிலை நாள்தோறும் கூட்டிப் பெருக்கிக் காப்போரின் குடியிருப்பைப் பேசுவோர் அரியர்.

இயற்கைமீது கொண்ட பற்றையே முதலாகக் கொண்டு தொழில் நடத்தும் சிறு குழுக்களைப் பற்றி இன்று அதிகம் பேசப்படுகின்றது. பின்லாந்து, சுவீடன் முதலிய வடபுல நாடுகளே அதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றன. ஆயின், மஹய்யாவவைக் கடந்து இதே வீதியில் மாத்தளைக்கும் அப்பால் இரண்டு கல் சென்றால், அத்தகையதொரு முயற்சியை நம் அயலிலேயே காணலாம். பாளித் திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்ட இடமென மரபு கூறும் அலுவிகாரையே அவ்வூராகும்.

ஈனா டி சில்வா (1922–2015) அவ்வூர் வளவைச் சேர்ந்தவர். இலங்கையரான முதற் பொலிஸ் மாஅதிபர் சேர் றிச்சர்ட் அலுவிகாரையின் மகள். 1960களில் தம் மகன் அனில் ஜயசூரிய, ஓவியர் லக்கி சேனநாயக்க ஆகியோரோடு கொழும்பிலே அவர் தொடங்கிய பத்திக் தொழில், இந்நாட்டில் அக்கலைக்குப் புதுவாழ்வு தந்தது. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை விடுதியின் முகமண்டப விதானத்தை அணிசெய்தவை அவருடைய பத்திக் துணிகளே. 1980களின் தொடக்கத்தில் சொந்த ஊர் திரும்பிய அவர், அயற்கிராமப் பெண்களைக் கொண்டு பத்திக், தையல் வேலைகளையும், அவற்றோடு பித்தளை வார்ப்பையும் மரவேலையையும் அங்கு வளர்த்தார்.

பத்திக் பொறுமையின் கலை. சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருகிய மெழுகைத் தீட்டித் துணியைச் சாயத்தில் தோய்ப்பர். மென்னிறம் முதலிலும் கருநிறம் இறுதியிலுமாக, ஒவ்வொரு நிறத்துக்கும் இம்முறை மீண்டும் மீண்டும் நிகழும். முடிவில் துணியைக் கொதிநீரில் இட, மெழுகு கழன்று மிதக்கும். அதனை வழித்தெடுத்து மறுபடி பயன்படுத்தலாம். மெழுகு வெடித்த இடங்களிற் சாயம் கசிந்து நரம்புபோல் ஓடும் கோடுகளை எந்தக் கையும் திட்டமிட்டு வரைவதில்லை. எனினும், இன்றைய பத்திக் சாயங்கள் பெரும்பாலும் இரசாயனச் சாயங்களே. இலையையும் பறவையையும் துணியில் வரைவதனால் மட்டும் ஒரு தொழில் இயற்கைக்கு உகந்ததாகிவிடாது; சாய நீர் எங்கே போகின்றது என்பதையும் கேட்டாகவேண்டும்.

பின்லாந்தின் மரிமெக்கோ நிறுவனம் 1951இல் ஆர்மி ராட்டியாவால் ஹெல்சிங்கியில் தொடங்கப்பட்டது. அதன் ஓவியர் மாயா இசோலா, 1950களின் பிற்பகுதியில், மகள் உலர்த்தி வைத்திருந்த செடிகொடிகளின் உருவங்களைத் துணியில் பதித்தார். பூக்கோலம் வேண்டாமென்று ராட்டியா கூறியிருந்தும், 1964இல் அவர் வரைந்த ‘உனிக்கோ’ என்னும் கசகசாப் பூ உலகெங்கும் பரவியது. பிடிவாதமும் சில வேளை நற்பயன் தரும்போலும்!

சிறுமியொருத்தி செடிகளைத் தேடிச் சேர்ப்பது அந்நாட்டில் புதுமையன்று. பின்லாந்திலும் சுவீடனிலும் காடு எவருடையதாயினும் அதனுட் சென்று உலாவவும், காட்டுப் பழமும் காளானும் பறிக்கவும் அனைவர்க்கும் உரிமை உண்டு. சுவீடன் 1994இல் இவ்வுரிமையைத் தன் அரசியலமைப்பிலேயே இடம்பெறச் செய்தது. வடபுலத்தார் இயற்கையை நேசிப்பது அவர்தம் பிறவிக்குணம் என்பர். கால் பதிக்க இடமிருந்தமையாற் பிறந்த குணம் அது என்பதே பொருந்தும்.

மலைநாட்டின் கதை வேறு. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தாற் கண்டிக் குடியானவர் காட்டுநிலங்களை இழந்தனர். அக்காடுகளை அழித்துக் கோப்பியும் பின்னர் தேயிலையும் பயிரிட்ட தமிழ்த் தொழிலாளருக்கோ, பிள்ளை பிறந்த லயன் காம்பராவேனும் சொந்தமில்லை. தேயிலைக் கொழுந்தின் நிறமாற்றத்தையும், மழை இறங்கும் திசையையும், அட்டை மிகும் பருவத்தையும் அவர்களைவிட நுணுக்கமாக அறிந்தவர் யாவர்? அவ்வறிவு எத்துணியிலும் கோலமாகவில்லை.

உனிக்கோப் பூ மலர்ந்த அதே 1964ஆம் ஆண்டின் ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என மனிதர் எண்களாக வகுக்கப்பட்டனர். தோட்டத்து லயன்களும் மஹய்யாவ போன்ற நகரக் குடியிருப்புகளும் எந்த எண்ணுள் அடங்குவோம் எனக் காத்திருந்தன. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது உனிக்கோவுக்கு முப்பத்தொன்பது வயதாகியிருந்தது.