வலுத்த கைக்குக் கேள்வி எதற்கு?

சீட்டாட்டம் பொழுதைக் கெடுக்கும் என்பர் பெரியோர். பணம் வைத்து ஆடுவார் திறத்தில் அஃது உண்மையே. ஆயின், ஆங்கிலப் பள்ளியில் யாம் பழகிய கான்ட்ராக்ட் பிரிட்ஜ், பணம் வையாமலே எமக்கு ஒரு பாடம் புகட்டிற்று. அதனை ஈண்டு ஒளியாது உரைப்போம்.

இவ்வாட்டத்தின் புள்ளி முறையை 1925ஆம் ஆண்டு ஒரு கப்பற் பயணத்தில் வகுத்தவர் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்னும் அமெரிக்கர். எதிரெதிர் அமரும் இருவர் ஒரு கட்சி. சீட்டு இறங்குமுன், இத்தனை பிடி எடுப்போம் என்று ஏலங் கூறவேண்டும். இதனை நம்மவர் ‘கேள்வி’ என்பர். 12 பிடி எடுப்பினும், முன்னரே 12 எனக் கூறாதார்க்கு ஸ்லாம் பரிசு இல்லை.

ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என எண்ணினால் கட்டு முழுவதற்கும் 40 புள்ளிகள். கடந்த திங்கள் ஓரிரவு எம் ஒருவர் கையிலேயே 26 வந்தன! இஸ்பேட்டில் ஏஸ் முதல் பத்து வரை ஐந்தும், ஓர் ஆறும். ஆர்ட்டினில் ஏஸ், ராஜா, ராணி. டைமனில் ஏஸ், ராஜா. கிளாவரில் மட்டும் இரண்டு சிறு சீட்டுகள்.

எதிரே இருந்தவர் எம் தோட்டத்துச் சின்னக் கிராணி. ஆட்டம் பழகி ஓராண்டும் நிரம்பாதவர். ‘இவரிடம் கேட்டறிய என்ன இருக்கிறது?’ என்றெண்ணி, எடுத்த எடுப்பில் ‘நான்கு இஸ்பேட்’ என்றோம். அவர் ‘பாஸ்’ என்றார். ஆடி முடித்தபோது 12 பிடிகள் எம்முடையன. கிளாவர் ஏஸ் அவர் கையில் இருந்தது!

ஸ்லாம் பரிசு குறைந்தது 500 புள்ளிகள் போயிற்றே என்ற சினத்தால், “ஏஸை வைத்துக்கொண்டு வாய்மூடி இருக்கலாமா?” என்று அனைவர் முன்னிலும் கடிந்தோம். அவர் தலை நிமிராமலே, “நீங்கள் என்னைக் கேட்கவே இல்லையே, ஐயா” என்றார்.

பிழை எம்முடையதே. எடுத்தவுடன் நான்கு என்பது, ஓரினத்தில் நீண்ட வரிசையும் குறைந்த புள்ளியும் உடையார் எதிரியை மடக்கக் கூறுவது. 22 புள்ளியும் அதற்கு மேலும் உடையார் ‘இரண்டு கிளாவர்’ என்று தாழ்ந்து தொடங்குவதே பெருவழக்கு. கிளாவர் உண்டென்பது அதன் பொருளன்று, ‘என் கை மிக வலியது, நீர் பேசும்’ என்பதே பொருள். வெறுங்கையரும் ‘இரண்டு டைமன்’ என்றேனும் விடை கூறுவர். பின்னர் இஸ்பேட்டைக் கூறி, ‘நான்கு நோ டிரம்ப்’ என்று ஏஸ்களின் தொகையைக் கேட்டிருப்பின், ‘ஐந்து டைமன்’ எனத் தம் ஓர் ஏஸை அறிவித்திருப்பார். ஆறு இஸ்பேட்டை அச்சமின்றிக் கூறியிருப்போம். கூட்டாளி பேசுதற்கு இடம் விடவே வலுத்த கை தாழ்ந்து தொடங்குகிறது.

அன்றிரவு எமக்கு உறக்கமில்லை. மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். பல்லாண்டாகத் தனித்தே முடித்துவந்த செக்ரோலை அவர்முன் வைத்து, “தம்பி, ஏதேனும் விடுபட்டுள்ளதா பாருங்கள்” என்றோம். தயங்கித் தயங்கி இரண்டு இடங்களில் விரல் வைத்தார். தொழிலாளர் இருவரின் மிகைநேரக் கூலி விடுபட்டிருந்தது.

அன்பர்களே, இவருக்கு இது முன்பே தெரியுமோ என்று யாம் வினவவில்லை. கேளாதவர் யாம் அல்லவா?