வாசலில் ஒரு சரக்கொன்றை

பொய் பேசலாகாது என்று பிள்ளைகளுக்குப் போதித்து வளர்த்த நான், ஏழெட்டு மாதங்கள் என் மகனிடமே பொய் சொல்லி வந்தேன். அதுவும் ஒரு மரத்தைப் பற்றி.

வண்ணாரப்பேட்டையில் எங்கள் வாசலுக்கு நிழல் தந்த குல்மொஹர் மரத்தை, 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயல் வேரோடு சாய்த்தது. பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த அவ்விடத்தில், தம்மாமுக்கு வேலைக்குப் புறப்படுமுன் மகன் ஒரு சரக்கொன்றைக் கன்றை நட்டுச் சென்றான். ஜும்ஆ முடிந்து தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தாயாரின் நலத்தை அடுத்து மரத்தின் நலத்தைக் கேட்பான். "நன்றாக இருக்கிறது" என்பேன்.

நன்றாக இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தேங்கிய நீரில் அது நாட்கணக்கில் நின்றது. பின்னர் இலை மஞ்சளித்தது, ஓரங்கள் கருகின, நுனிகள் சுள்ளியாயின. நானோ பதறிப்போய் அன்றாடம் ஆழ்குழாய் நீரைக் குடம் குடமாக ஊற்றினேன். யூரியாவும் இட்டேன். காய்ச்சல்காரன் வாயில் பிரியாணியைத் திணித்த கதைதான்! மாசி, பங்குனியில் சரக்கொன்றை இலையுதிர்ப்பது இயல்பு என்பதால் அதைச் சொல்லி மனத்தைத் தேற்றிக்கொண்டேன். ஆடி பிறந்தும் துளிர்க்கவில்லை. பிடுங்கிவிட்டுக் குரோட்டன்ஸ் வைக்கச் சொன்னார்கள் அண்டை வீட்டார்.

தோட்ட வேலையில் முதிர்ந்த பெரியவர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கிளை நுனியை நகத்தால் கீறினார்; உள்ளே பழுப்பு. ஒரு சாண் கீழே கீறினார்; ஈரப் பச்சை. "உயிர் இருக்கு பாய்" என்றார்.

பிறகு அடிமண்ணைக் கையால் விலக்கினார். தண்டு விரிந்து வேராக இறங்கும் இடம் வெளியே தெரிய வேண்டுமாம். எங்கள் மரமோ ஒரு சாண் ஆழம் புதைந்து, நட்ட கம்பம் போல் நின்றது. சுற்றிலும் சிமெண்டுக் கட்டிகள், செங்கல் துண்டுகள். வெள்ளத்தில் மூச்சுத் திணறிய வேருக்கு நான் ஊற்றிய நீர் மேலும் மூச்சை அடைத்திருக்கிறது. எங்கள் ஆழ்குழாய் நீரோ உப்புக் கரிக்கும். இலையோரம் கருகியது அதனால்தான் என்றார். வேர் நொந்திருக்கையில் உரம் இன்னும் எரிக்குமாம். காற்றுக்குச் சாயாதிருக்க மகன் கட்டிய நைலான் கயிறு பட்டையை அறுத்து உள்ளே இறங்கியிருந்தது. அவன் பாசத்தோடு கட்டியது. தளர்த்த மறந்தவன் நான்.

கயிற்றை வெட்டினோம். காய்ந்த நுனிகளைப் பச்சை தெரியும் இடம்வரை கழித்தோம். இடிபாட்டை அள்ளி, தண்டைத் தொடாமல் சற்றுத் தள்ளிச் சருகு பரப்பினோம். உரம் அறவே நிறுத்தம். வாரம் இருமுறை, மண் உலர்ந்ததை விரல் விட்டுப் பார்த்த பின்பே நீர். அதுவும் குழாயில் வரும் நல்ல நீர். உளூச் செய்யும் நீரை வாளியில் பிடித்து வைப்பது என் மனைவியின் யோசனை.

அந்த வெள்ளிக்கிழமை, துளிர் எதுவும் வருமுன்னரே, மகனிடம் உள்ளதைச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் மௌனம். "கயிறு நான் கட்டினதுதானே வாப்பா?" என்றான்.

மூன்றாம் வாரம், கழித்த கிளைக்குக் கீழே அரிசி மணியளவில் ஒரு முளை கண்டது. அல்ஹம்துலில்லாஹ்! பூக்க இன்னும் சில ஆண்டுகள் ஆகலாம். விடுமுறையில் வந்து கிளைகளைத் தானே கத்தரித்துச் சீர்செய்யப் போவதாக மகன் சொல்கிறான். கத்தரிக்கோலை அவன் கையில் தரலாமா என்று நானும் மனைவியும் ஆலோசித்துக்கொண்டிருக்கிறோம்.