32 மில்லிமீட்டர்

ரோடு சைக்கிள் ஓட்டுகிறவர்களிடம் 'சொகுசு' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள். முகம் லேசாகக் கோணும். வேகம், எடை, ஏற்றம், சராசரி என்று எதை வேண்டுமானாலும் பேசலாம். "உக்கார வசதியா இருக்கா?" என்று மட்டும் கேட்கக்கூடாது. கல்யாண மண்டபத்தில் ஃபேனுக்குக் கீழே நாற்காலி தேடும் பெரியவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். எங்கள் வீட்டிலும் இதே மனசுதான், வேறு வடிவத்தில். "உடம்பு வணங்கணும்டி" என்று அம்மா ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டார். வலித்தால்தான் அது உழைப்பு. வலிக்காமல் ஒரு காரியம் நடந்துவிட்டால் அதில் ஏதோ திருட்டுத்தனம் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்தச் சொல்லோடு உட்கார்ந்து கணக்குத் தீர்க்கவேண்டிய நிலைமை எனக்குப் போன வருடம் வந்தது. வயது 39. பிளவுஸ்களுக்கு ஆரி வேலை செய்துகொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. ஏழு வருடமாக ஒரு அலுமினிய ரேஸ் சைக்கிள், 25 மி.மீ. டயர். அதில்தான் ஈசிஆரில் மரக்காணம் வரை போய்த் திரும்பும் 200 கிலோமீட்டர் பிரவே ஓட்டினேன். பதிமூன்றரை மணி நேரக் கெடு. நேரத்துக்குள் முடித்தேன். மறுநாள் காலை சட்டைப் பொத்தானைப் போடமுடியவில்லை. வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் வேறு யாருடையதோ மாதிரி மரத்துக் கிடந்தன.

மூன்று வாரம் ஆகியும் சரியாகவில்லை. ஆரி ஊசியைப் பிடிப்பது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான். ஆனால் கையைத் துணிமேல் நிறுத்தி வைத்திருப்பது அந்த ஓரத்து இரண்டு விரல்கள். அவை இல்லாமல் கோடு நேராக வராது. முன்னால் முகூர்த்த மாதம். டாக்டர் உள்ளங்கையின் ஓரத்தை, சுண்டுவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டை ஒட்டி, அழுத்திக் காட்டினார். அல்நார் நரம்பு அங்கே ஒரு குறுகலான சந்துக்குள் புகுந்து போகிறது. ஹேண்டில்பார் மணிக்கணக்கில் அந்த இடத்திலேயே இடித்தால் விரல்கள் இப்படித்தான் ஆகும். "சைக்கிள விடுங்க, இல்ல சைக்கிள மாத்துங்க" என்றார்.

விடுவதாக இல்லை. மாற்றுவது என்றால் எதற்கு?

டயரின் கதையிலிருந்து தொடங்கலாம். ஜான் பாய்ட் டன்லப் கால்நடை மருத்துவர், ஊர் பெல்ஃபாஸ்ட். கெட்டி ரப்பர் வைத்த தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் ரோட்டில் தடதடவென்று உதறுகிறதே என்றுதான் அவர் காற்றடைத்த டயரைச் செய்துபார்த்தார். காப்புரிமை வாங்கியது 1888இல். அடுத்த வருடமே வில்லி ஹ்யூம் என்ற வீரர் அந்த டயரைப் போட்டுக்கொண்டு பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் எல்லோரையும் தாண்டிப்போனார். (அதற்கு நாற்பது வருடம் முன்பே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்பவர் காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், யாரும் கண்டுகொள்ளவில்லை.) ஆக, ஒரு சின்னப் பையன் வலியில்லாமல் உட்கார வேண்டும் என்று செய்த பொருள்தான் சைக்கிளை வேகமாக்கியது.

அப்புறம் இது எப்படியோ மறந்துபோனது. ஒல்லியான டயர், கல் மாதிரி காற்று, அதுதான் வேகம் என்ற நம்பிக்கை ஊறிவிட்டது. நான் ஓட்டக் கற்றுக்கொண்ட காலத்தில் 23 மி.மீ.யில் 110 பிஎஸ்ஐ அடிப்பது சாதாரணம். கட்டையால் தட்டினால் டிங் என்று கேட்கும். அமெரிக்காவில் ஜான் ஹெய்ன் என்பவர் 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அவரும் நண்பர்களும் டயர்களை ஆய்வகத்தின் வழவழப்பான உருளையில் ஓட்டாமல் நிஜ ரோட்டில் ஓட்டிப்பார்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்து அதிர்வுக் கோடுகளின் மேலும் ஓட்டினார்கள். அகல டயர் வேகத்தில் பின்தங்கவில்லை. காரணம் எளிதானது. ஒவ்வொரு குலுக்கலிலும் சதையும் எலும்பும் அதிர்கின்றன. அந்த அதிர்வுக்கான சக்தியும் நம் காலிலிருந்துதான் போகிறது. டயர் அமுங்கி மேட்டை விழுங்கிவிட்டால் அந்தச் சக்தி மிச்சம்.

மகாபலிபுரம் தாண்டி வேகத்தடைக்கு முன்னால் வரிசையாக வெள்ளைப் பட்டை போட்டிருப்பார்களே, அதன்மேல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பல்லே ஆடும். அந்தத் தடதடப்பு முழுக்க நீங்கள் மிதித்த மிதிதான், வீணாய்ப் போகிறது.

கணக்கும் இதையே சொல்கிறது. டயருக்குள் இருக்கும் காற்று அகலத்தின் வர்க்கத்தில் ஏறும். 23லிருந்து 32க்குப் போனால் அகலம் ஒன்றரை மடங்குகூட இல்லை, ஆனால் காற்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால்தான் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தாலும் ரிம் தரையில் இடிக்காமல் இருக்கிறது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாளில் வீட்டுப் பின்கட்டில் கிடந்த அப்பாவின் ஹெர்குலிஸ் நினைவுக்கு வந்தது. தையல் டேப்பை எடுத்துப்போய் டயரை அளந்தேன். பெரிய கறுப்பு வண்டிகளின் 28 இன்ச் சக்கரம், ஒன்றரை இன்ச் டயர். நம் கணக்கில் 38லிருந்து 40 மி.மீ. சிரிப்பு வந்துவிட்டது. ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 2023இல் கொண்டுவந்த ரூபே வண்டியின் பெரிய பெருமையே அதில் 40 மி.மீ. டயர் நுழையும் என்பதுதான். அப்பா அதே அகலத்தில் கேரியரில் அரிசி மூட்டையும் முன்பாரில் என்னையும் வைத்துக்கொண்டு மண்ரோட்டில் போயிருக்கிறார். நாற்பது வயதுக்கு மேலும் அவர் கைவிரல் மரத்துப்போனதாகச் சொன்னதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துதானே ஓட்டினார்.

அந்த ரூபே என்ற பெயர் 1896இல் தொடங்கிய பாரிஸ்-ரூபே பந்தயத்திலிருந்து வந்தது. வடக்கு பிரான்சில் கல் பாவிய பழைய கிராமத்துப் பாதைகளில் ஓட்டுவார்கள். பெண்களுக்கான பந்தயம் நடக்க 125 வருடம் ஆனது. 2021இல் முதல் பந்தயத்தை வென்றவர் லிஸ்ஸி டைக்னன். 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி வந்தார், கையுறை இல்லாமல். கோட்டைத் தாண்டியபோது ஹேண்டில்பாரின் வெள்ளை டேப்பில் ரத்தம். அந்தப் புகைப்படத்தை ரொம்ப நாள் என் ஃபோனில் வைத்திருந்தேன். இப்போதும் அவர்மேல் மரியாதை குறையவில்லை. ஆனால் அவருக்கு அது வருடத்தில் ஒரு நாள் பந்தயம். எனக்குத் திங்கட்கிழமை காலை மணி கோக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது இரண்டு எண்களை எழுதிக்கொண்டு போனேன்: ஸ்டாக், ரீச். பெடல் சுழலும் அச்சின் மையத்திலிருந்து, ஹேண்டில்பார் வந்து உட்காரும் குழாயின் தலை எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்பதுதான் இவை. உயரத்தை முன்தூரத்தால் வகுத்தால் ரேஸ் வண்டிகளுக்குப் பொதுவாக 1.4ஐ ஒட்டி வரும். 'எண்டூரன்ஸ்' என்று விற்கும் வண்டிகளுக்கு 1.5க்குப் பக்கத்திலோ மேலேயோ வரும். எண் கூடக்கூட உடம்பு நிமிரும், கையில் இறங்கும் பாரம் குறையும். என் விரல்களுக்கு டயரைவிட முதலில் தேவைப்பட்டது இதுதான்.

இரண்டாவது, ஃபிரேமில் எவ்வளவு அகல டயர் நுழையும். பழைய ரிம் பிரேக் வண்டிகளில் பிரேக்கின் கவ்வியே இடத்தை அடைத்துவிடும், 28 நுழைந்தால் அதிகம். டிஸ்க் பிரேக் வந்தபிறகு அந்தத் தடை போனது. கடைப் பையன் ஒரு வண்டியைத் தூக்கிவைத்தான்.

"இதுல 28 போட்டிருக்குக்கா. ஆனா 38 வரைக்கும் போவும்."

"அப்புறம் ஏம்ப்பா 28 போட்டு விக்கறாங்க?"

"பாக்க ரேஸ் வண்டி மாதிரி இருக்கணும்ல!"

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டயரில் அச்சடித்திருக்கும் அகலம் நிஜ அகலம் அல்ல. ரிம்மின் உள் அகலம் கூடுதலாக இருந்தால் 32 என்று போட்ட டயர் 34க்கு விரியும். ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே இருபுறமும் 4 மி.மீ.யாவது இடம் வேண்டும். மழையில் மண்ணும் சின்னக் கல்லும் ஒட்டிக்கொண்டு சுற்றினால் ஃபிரேமை அரித்துவிடும். மட்கார்டு போடுவதாக இருந்தால் இன்னும் ஒரு அளவு குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கார்பன். கார்பன் என்றாலே மெத்து மெத்தென்று இருக்கும் என்பார்கள், அது பாதி உண்மை. கார்பன் இழை ஒன்றின் தடிமன் சுமார் 7 மைக்ரான், தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. பிசினில் தோய்த்த இழைத் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு திசையில் வைத்து, அச்சுக்குள் சூடாக்கி எடுக்கிறார்கள். பெரும்பாலும் கைவேலை. எனக்கு இது உடனே புரிந்தது. துணியை நேர் இழையில் வெட்டினால் நிற்கும், குறுக்கே சாய்த்து வெட்டினால் தொய்யும். அதே சங்கதிதான். பெடல் பக்கம் விறைப்பாகவும் சீட்டுக் குழாய் பக்கம் கொஞ்சம் வளைகிற மாதிரியும் ஒரே ஃபிரேமைச் செய்ய முடிகிறது. ட்ரெக் கம்பெனி 2012இல் டொமானே வண்டியில் சீட் நிற்கும் குழாயை மேல் குழாயிலிருந்து பிரித்தே விட்டது, அது தனியாக வளையட்டும் என்று. ஆனாலும் ஃபிரேம் வளைவதெல்லாம் ரொம்பக் கொஞ்சம். 32 மி.மீ. டயர் அமுங்குவதற்குப் பக்கத்தில் அது நிற்காது. காசு குறைவு என்றால் கார்பனை விடுங்கள், அகல டயரை விடாதீர்கள்.

நான் கார்பன் வாங்கினேன். எந்த வண்டி என்று சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். ஏலச்சீட்டு எடுத்த பணம், இரண்டரை லட்சத்துக்கு மேல்.

"அந்தக் காசுக்கு ரெண்டு ஸ்கூட்டி வாங்கலாமேடி. கடைல ஒரு பொண்ண சம்பளத்துக்கு வெச்சிருக்கலாம்."

அம்மா சொன்னதில் தப்பே இல்லை. பதில் சொல்லத் தெரியாமல் கையை நீட்டி, சுண்டுவிரலை மடக்கிக் காட்டினேன். பாதிதான் மடங்கியது. அம்மா அந்த விரலைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டிருந்தார். "இது சரியாவுமா அதுல?" என்று மட்டும் கேட்டார்.

என் எடை 58 கிலோ. முன் டயரில் 50, பின் டயரில் 54 பிஎஸ்ஐ. முதல் வாரம் பஞ்சர் ஆகிவிட்டதோ என்று நடுவில் இறங்கிப் பார்க்கத் தோன்றும், அவ்வளவு அமைதி. எட்டு மாதம் ஆகிறது. சராசரி வேகம் பழைய வண்டியில் இருந்ததுதான். மோதிரவிரல் முழுக்கத் திரும்பிவிட்டது. சுண்டுவிரல் நுனியில் மட்டும் இன்னும் மெல்லிய மரப்பு, ஏசியில் உட்கார்ந்தால் தெரியும். நரம்பு மெதுவாகத்தான் ஆறும் என்கிறார் டாக்டர். போன மாதம் மறுபடி மரக்காணம் வரை போய்வந்தேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு கைகளையும் உதறி, பத்து விரலையும் ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். மறுநாள் ஒரு முகூர்த்த பிளவுஸ் கொடுக்க வேண்டியிருந்தது, முதுகில் மயில். தோகையின் கடைசி வரிசை வரை கோடு நேராக வந்தது.