வேட்டியா, வாத்தா?

தெலுங்கு படிக்கிறவர்கள் பழகிப் பார்க்க ராஜமுந்திரிக்கோ விஜயவாடாவுக்கோ போவார்கள். நான் எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறித் தெற்கே போனேன்.

சென்னையில் அலுவலகம் விட்டபிறகு மாலை வகுப்பில் தெலுங்கு எழுத்துக் கூட்டும் கூட்டம் எங்களுடையது. தியாகராஜர் கீர்த்தனைகளைப் பொருள் தெரிந்து பாட நினைக்கும் பாடகிகள், நெல்லூருக்கு மாற்றலாகப் போகும் வங்கிக்காரர், தெலுங்கு மாமியாரைச் சமாளித்தாக வேண்டிய புதுப்பெண். எனக்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை. தலை நரைத்தபிறகு ஏதாவது புதிதாகப் படிக்க ஆசை, அவ்வளவுதான். ஒரு மாலை எங்கள் மாஸ்டாரு ‘ஆமுக்தமால்யதா’ பற்றிப் பேச்செடுத்தார். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயரே எழுதியது; தெலுங்கின் ஐம்பெருங்காவியங்களில் ஒன்று. அதன் நாயகி நம் ஆண்டாள், ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அதில் ஒரு பாட்டை மாஸ்டாரு பலகையில் எழுதிப் போட்டார். வில்லிபுத்தூரின் வயல்கால்வாய் ஓரத்தில் வாத்துகள் தலையைச் சிறகுக்குள் செருகித் தூங்குகின்றன. விடியற்காலையில் ரோந்து வரும் தலையாரிகள், குளித்துப்போன பிராமணர்கள் பிழிந்து வைத்து மறந்த வேட்டிகள் என்று நினைக்கிறார்கள். வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே என்று நல்ல எண்ணத்தில் இறங்க, வேட்டிகள் படபடவென்று எழுந்து ஓடுகின்றன. நெல் காக்கும் பெண்கள் சிரிக்கிறார்கள். போர்க்களத்திலேயே பாதி வாழ்க்கை கழிந்த ஒரு பேரரசர் இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியபோது இன்னும் முழுதாக விடியவில்லை. வடபத்ரசாயி சந்நிதி முன்னால் பதினோரு நிலை, 192 அடி ராஜகோபுரம். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். பெரியாழ்வார் துளசிச் செடியடியில் குழந்தையைக் கண்டெடுத்ததாகச் சொல்லும் நந்தவனத்திலும் நின்றேன். புரட்டாசி பிரம்மோற்சவத்துக்கு ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இங்கிருந்து திருமலைக்குப் போகிறது. கருடசேவையன்று பெருமாளுக்குச் சாத்துகிறார்கள். ஆக, தெலுங்கு நாட்டுக்கும் இந்த ஊருக்கும் உள்ள போக்குவரத்து காவியத்தோடு நின்றுவிடவில்லை. பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சுடச்சுட வாங்கியதை யாரும் ஊர்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை, நானும் சேர்க்கவில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை வலப்பக்கம் கூடவே வந்தது. அரைமணி நேரத்துக்குள் ராஜபாளையம். நூற்பாலை ஊர், நாய் ஜாதிக்குப் பேர்போன ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். விஜயநகரக் காலத்தில் தெற்கே வந்த ராஜுக்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். 1949 முதல் 1952 வரை, தமிழும் தெலுங்கும் ஒரே மாகாணமாக இருந்த கடைசிக் காலத்தில், சென்னையின் முதல்வராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா இந்த ஊர்க்காரர். அந்த மாகாணத்துக்கு அவரைவிடப் பொருத்தமான ஆளைத் தேடியிருக்க முடியாது.

ஆனால் தெருவில் ஒரு தெலுங்கு எழுத்து கிடையாது. கடைப்பலகை, கல்யாணச் சுவரொட்டி, எல்லாம் தமிழ். காதில் மட்டும் தெலுங்கு விழுகிறது, அதுவும் தென்பாண்டி இழுவையோடு. வகுப்பில் கேட்ட தெலுங்கு இல்லை இது. டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருவர் பேசியதில் எனக்குப் பாதிகூடப் பிடிபடவில்லை.

நண்பர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்த பெரியவர் வீடு பழையபாளையத்தில். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “மீரு பாகுன்னாராண்டி?” என்று தொடங்கினேன். அவர் தமிழில் பதில் சொன்னார்: “நல்லா இருக்கேன் தம்பி. எங்க படிச்சீங்க? டிவில நியூஸ் வாசிக்கிற மாதிரியே இருக்கு.”

அவருக்குத் தெலுங்கு வாசிக்கத் தெரியாது. பள்ளிக்கூடமெல்லாம் தமிழில்தான். எனக்கு வாசிக்க வரும், பேச்சு வராது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழுத் தெலுங்கர் தேறுவார். நோட்டை எடுத்து வாத்துப் பாட்டைப் படித்துக் காட்டினேன். சமஸ்கிருதத் தொடர்கள் வந்த இடமெல்லாம் அவர் முகத்தில் அசைவில்லை. எனக்கும் மாஸ்டாரு சொன்ன பொருள்தான் தெரியும். வாத்து வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். “இருங்க, வாத்து என்ன பண்ணுது?” தமிழில் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ராயர் பெரிய ஆளுதான், இல்லைங்கல. அதுக்காக வாத்துக்கும் வேட்டிக்கும் வித்தியாசம் தெரியாத காவக்காரன் எங்க இருக்கான் தம்பி?”

உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த அம்மா தெலுங்கில் வேகமாக ஏதோ சொன்னார். அது மட்டும் எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது. போன வாரம் கண்ணாடி போடாமல் கொடியில் கிடந்த துண்டைப் பூனை என்று விரட்டியது யாராம்?

பெரியவர் காபியை வாங்கிக்கொண்டு, “அடுத்த பாட்டுப் படிங்க தம்பி” என்றார்.