மடியில் ஓர் இடம்

என் அன்னை கொழுந்து பறித்த தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா லயத்துக்கு அருகிலேயே இருந்தது. என்னை ஆயம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு அவள் மலையேறுவாள். இடைவேளையில் பாலூட்ட வருவாள். அக்காவுக்கோ மாத்தளை நகரத்துக் கடையொன்றில் வேலை; குழந்தையை விடும் பராமரிப்பு நிலையமும் நகரத்திலேயே. நாள்தோறும் இறத்தோட்டையிலிருந்து பஸ் வண்டியில் குழந்தையும் அவளுடன் செல்ல வேண்டும்.

விடுமுறையில் ஒருநாள் நானும் உடன் சென்றேன். "உள்ளே போங்கள்" என்று நடத்துநர் அதட்டினார். 1840களில் மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்துவந்த எம் முன்னோரும் பிள்ளைகளை இடுப்பில் சுமந்தே வந்திருப்பர். அவர்களை அதட்டக் கங்காணி இருந்தான். வண்டியின் முன்னாசனங்கள் மதகுருமாருக்கு. வேறு சில கருவுற்ற தாய்மாருக்கு. வயிற்றிலிருக்கையில் பிள்ளைக்குக் கிடைத்த இடம் பிறந்ததும் பறிபோவது விந்தைதான்!

வளைவொன்றில் அக்கா தடுமாறினாள். அமர்ந்திருந்த சிங்கள மூதாட்டியொருவர் ஒன்றும் பேசாது கைகளை நீட்டிக் குழந்தையை வாங்கி மடியில் இருத்திக்கொண்டார். குழந்தை அழவில்லை. அக்காவுக்கு நன்றி கூறவும் நா எழவில்லை. நகரம் வரும்வரை குழந்தையின் ஒரு பாதத்தை மட்டும் அவள் பற்றிக்கொண்டே நின்றாள்.