சரளைப் பாதையில் இரண்டு நாள்

முதலில் ஒரு விளக்கம். இக்கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது அண்ணன், தம்பி இருவர். மூத்தவன் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவன். இளையவன் சுருளிப்பட்டிக்கு அருகே, தந்தை விட்டுச்சென்ற இரண்டு ஏக்கர் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவன். எழுதுவது மூத்தவன்தான். ஆனால் சேர்ந்து மிதித்த பாதையைத் தன்மை ஒருமையில் எழுத மனம் வரவில்லை.

கிளம்பிய காரணத்தையும் மறைக்க வேண்டியதில்லை. தோட்டத்தை விற்றுவிடுவதென்று தம்பி முடிவு செய்திருந்தான். பத்திரம் தயாராகிவிட்டது, அண்ணனின் கையெழுத்து மட்டுமே பாக்கி. அண்ணன் இரண்டு மாதமாகத் தேர்வுப் பணி, விடைத்தாள் திருத்தம் என்று ஏதேதோ சொல்லி ஊருக்கு வருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான். புரட்டாசிக் கடைசியில் ஒருநாள் தம்பி தொலைபேசியில், "கையெழுத்தெல்லாம் அப்புறம் இருக்கட்டும்ணே. பயக ரெண்டு சைக்கிள விட்டுட்டுப் போயிருக்காய்ங்க. சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம், வாங்க" என்றான்.

'பயக' என்பது அவன் மகனும் மகனின் நண்பனும். பெங்களூரில் வேலை பார்க்கும் அவர்கள் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த வண்டிகள் அவை. பந்தய சைக்கிளைப் போலக் கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருக்கும். சக்கரம் மட்டும் தடிமன். பந்தய வண்டியின் டயர் 25, 28 மில்லிமீட்டர் என்றால் இதற்கு 40. தார் போட்ட சாலையிலும் ஓடும், சரளைக்கல் பாதையிலும் ஓடும் என்பதுதான் இவ்வண்டியின் பெருமை. மேலைநாடுகளில் இதற்கென்று தனிக் கூட்டமே உண்டு. இத்தாலியில் தஸ்கனியின் திராட்சைத் தோட்டங்களுக்கு இடையே ஓடும் வெள்ளைச் சரளைப் பாதைகள் தாருக்குள் மறைந்துவிடக் கூடாது என்ற கவலையில் 1997இல் ஓர் ஓட்டம் தொடங்கினார்கள். பழைய காலத்துச் சைக்கிளில் வருகிறவர்கள்தான் அதில் ஓட்டலாம். இவ்வகை ஓட்டத்துக்கு முதல் உலகச் சாம்பியன் போட்டி 2022இல் நடந்ததும் இத்தாலியில்தான். அங்கே பாதையைக் காப்பாற்ற சைக்கிள் ஓட்டுகிறார்கள். நாங்கள் விற்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாமென்று ஓட்டினோம்.

லோயர் கேம்பிலிருந்து கிளம்பினோம். மேற்கே போக வேண்டிய பெரியாற்று நீரை 1895இல் அணை கட்டி நிறுத்தி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியதால் உண்டானது எங்கள் பள்ளத்தாக்கின் செழிப்பு. பென்னிகுவிக்கின் மணிமண்டபம் 2013 முதல் இங்கே இருக்கிறது. எங்கள் தந்தைக்கு மண்டபம் தேவைப்படவில்லை. வீட்டில் மாட்டியிருந்த அவர் படத்துக்குத் தைப்பொங்கலன்று சாமி படங்களோடு சேர்த்துப் பூப் போடுவார். அந்தத் துரையின் பிறந்தநாளும் ஜனவரி 15 என்பது தந்தைக்குத் தெரிந்திருந்ததோ இல்லையோ!

கிளம்பும் முன்பே ஒரு தவறு செய்தோம். பஞ்சர் கடைக்காரர் டயரை அமுக்கிப் பார்த்து, "காத்து பத்தாது சார், ரிம் அடி வாங்கிரும்" என்றார். 35 அளவு காற்றே போதுமென்று மகன் சொல்லி அனுப்பியிருந்தான். இருந்தாலும் அனுபவசாலி சொல்கிறாரே என்று அண்ணன் கல் போலக் காற்றடித்துக்கொண்டான். தம்பி மகன் பேச்சைக் கேட்டான்.

18ஆம் கால்வாயின் கரை பிடித்துப் போனோம். கால்வாயில் தண்ணீர் திறந்திருக்கவில்லை. கரைமேல் செம்மண்ணும் சரளையும் கலந்த வண்டிப்பாதை. இடப்புறம் மலையடிவாரம், வலப்புறம் கீழே பள்ளத்தாக்கு. இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் என்று அரசுக் குறிப்புகளில் வரும் நிலத்தின் ஒரு துண்டு கண்ணுக்கெட்டியவரை தெரிந்தது. முதல் போகம் கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. அதற்கு அப்பால் தென்னை, அதற்கும் அப்பால் நீலமாக மேகமலைத் தொடர். குறிஞ்சி, முல்லை, மருதம் என்று வகுப்பறையில் பத்தி பிரித்து நடத்துவதெல்லாம் இங்கே ஒரே பார்வையில் அடங்கிவிடுகிறது. ஆற்றின் பெயரிலேயே முல்லை இருக்கிறது.

சரளை, சரளம் என்ற இரு சொற்களின் ஓசை ஒற்றுமையை நினைத்துச் சிரிக்க வேண்டியிருந்தது. ஓட்டிப் பார்த்தவருக்கு இரண்டும் நேர் எதிர் என்று தெரியும். காற்று குறைந்த டயர் கல்லின்மேல் ஏறும்போது சற்றே நசுங்கிக் கல்லைத் தழுவிக்கொண்டு போகிறது. இறுகிய டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளுகிறது. துள்ளும் நேரத்தில் அதற்கும் தரைக்கும் தொடர்பில்லை. அப்படியொரு துள்ளலில், ஓர் இறக்கத்தில், அண்ணன் வண்டியோடு சாய்ந்தான். முழங்கையில் தோல் உரிந்தது. தம்பி இறங்கி வந்து எதுவும் சொல்லாமல் டயரிலிருந்து காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். பிறகு தண்ணீர் ஊற்றிக் காயத்தைக் கழுவினான்.

அப்போதுதான் அவன் கைகள் கண்ணில் பட்டன. நகக்கணுக்களில் நீலம். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துத் தெளிக்கும் போர்டோ கலவையின் நீலம் அது. பிரான்சில் சாலையோரக் கொடிகளின் பழத்தை வழிப்போக்கர் பறிக்காதிருக்கத் தெளித்து வைத்த இக்கலவை, பூஞ்சை நோயையும் தடுக்கிறது என்று கண்டு 1885இல் மில்லார்டே என்ற அறிஞர் எழுதினார். எங்கள் தோட்டத்துக் கல்தூண்களில் அந்த நீலம் ஏறிப்போய்விட்டது. தந்தையின் வேட்டிகளிலும் இருந்தது. அண்ணனின் கையில் இருப்பது சிவப்பு மை.

கம்பத்தைக் கடந்து ஆற்றுப் பாலம் தாண்டி கிழக்கே திரும்பினோம். சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி வட்டாரத்தில் தோட்டங்களுக்கு இடையே ஓடும் பாதைகள் அகலம் குறைந்தவை. இருபுறமும் பந்தல். கல்தூண், மேலே கம்பி வலை, அதன்மேல் கொடி, கீழே தொங்கும் குலைகள். பன்னீர்த் திராட்சை கனிந்த தோட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தாலும் தெரிந்துவிடும். ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருப்பது உலகில் வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காத காட்சி. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் இதைக் கொண்டுவந்தார் என்பது இங்கே வழங்கிவரும் செய்தி. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாளிதழை அண்ணன் உரக்கப் படித்துக் காட்டினான். தந்தை கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிப்பா, கிலோவுக்கு எத்தன ரூவா கூடும்?" என்றார். சென்ற ஆண்டு அவர் காலமானார். அக்கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

தோட்டத்தில் அறுவடை முடிந்திருந்தது. கவாத்துச் செய்யாத கொடிகள் பந்தலில் பரட்டைத் தலையாகக் கிடந்தன. இரவு மோட்டார் அறையின் திண்ணையில் படுத்தோம். அங்கேதான் அண்ணன் தான் சேர்த்துவைத்திருந்த வாதங்களையெல்லாம் சொன்னான்: அப்பாவின் உழைப்பு, நாம் படித்தது இந்தப் பழத்தில், மண், வேர் இத்யாதி. தம்பி இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பழம் தொங்குறப்ப ராத்திரி மழை பேஞ்சா நீங்க மதுரையில தூங்கிருவீங்க. நான் டார்ச்ச எடுத்துக்கிட்டு வந்து உக்காந்துருப்பேன். வந்து என்ன பண்ண முடியும்? வெடிக்கிறத வெடிக்கவேண்டாம்னு சொல்ல முடியுமா? சும்மா உக்காந்துருப்பேன்."

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. இருபத்தைந்து ஆண்டு ஆசிரியத் தொழிலில் இப்படி வாயடைத்துப்போன இடங்கள் குறைவு.

மறுநாள் இராயப்பன்பட்டி வழியாகச் சண்முகாநதி அணைப் பக்கம் போனோம். பாதை காட்டை நெருங்க நெருங்கக் கற்கள் பெரிதாயின. இப்பகுதியில்தான் 2023இல் அரிக்கொம்பன் நாட்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. மே 27 அன்று கம்பம் நகருக்குள் புகுந்து, ஜூன் 5இல் பிடிபடும்வரை ஊரே கதவடைத்துக் கிடந்தது. தோட்டத்துக்கு வராதே என்று எல்லோரும் சொல்லியும் தந்தை கையில் தூக்குவாளியோடு போய்வந்தாராம். "யானைக்கு நம்ம பழம் புளிக்கும்டா" என்பது அவர் கட்சி. தம்பி இதைச் சொல்லிச் சிரித்தபோது, இரண்டு நாளில் முதன்முறையாக நாங்கள் சேர்ந்து சிரித்தோம். மலைகளெல்லாம் 2021 முதல் புலிகள் காப்பகம்; காட்டோரத்தோடு திரும்பிவிட்டோம். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பூக்களின் பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழாசிரியனுக்கு ஆசைதான். ஆனால் அது நல்ல தார்ச்சாலை, தவிர முழங்கால் சம்மதிக்கவில்லை.

மாலையில் தோட்டத்துக்குத் திரும்பியதும் அண்ணன் பத்திரத்தைக் கேட்டான். தம்பி எடுத்துவந்து, திண்ணையில் வைத்து, மேலே பழக்கத்தரிக்கோலைப் பாரமாக வைத்தான். பேனாவும் வந்தது. அண்ணன் திறந்தான். முதல் பக்கத்தில் சர்வே எண், நான்கெல்லை, கிணறு, மோட்டார், கல்தூண்களின் எண்ணிக்கை எல்லாம் முறையாக இருந்தன. தூண்கள் எத்தனை என்பது அண்ணனுக்கு அதுவரை தெரியாது.

"போடவா?" என்றான்.

தம்பி பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இப்பக் கவாத்து வெட்டுனா மாசியில பழம்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை.

"வாங்குறவர் வெட்டிக்க மாட்டாரா?"

"அவரு கொடியவே வெட்டிருவாருண்ணே. பிளாட் போடப்போறாரு."

அண்ணன் பேனாவை மூடினான். மூடியதற்கு நன்றியோ, கோபமோ தம்பி முகத்தில் தெரியவில்லை. மாசிப் பழம் கண்டபிறகு கையெழுத்து என்று பேசிக்கொண்டோம். அதற்குள் ஐப்பசி மழை இருக்கிறது. மழை இரவுகளில் சனி, ஞாயிறென்றால் அண்ணன் வந்து திண்ணையில் உட்கார வேண்டும் என்பது தம்பி போட்ட நிபந்தனை.

கவாத்துக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. ஆறு பேர் கேட்டோம், நான்கு பேர்தான் கிடைத்தார்கள். மீதிக்கு நாங்கள் இருவர். அண்ணன் கத்தரிக்கோலைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்து ஓர் அம்மாள், "சாரு, கண்ணு தப்பா வெட்டிராதீங்க, அடுத்த பழம் அதுலதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, முதல் கொடியைத் தானே வெட்டிக் காட்டினார்.